பிலேக் கவுன்சலிங்குல, அதாவது ஸ்கூல் கவுன்சலிங் ரூமுல, என்னதான் நடக்குது?

ஸ்கூல்லேருந்து ஃபோன் வருது. "அம்மா, உங்க மகன கவுன்சலிங் டீச்சர் பாத்துப் பேசிருக்காங்க, நீங்களும் ஒரு நாள் வர முடியுமா"ன்னு கேக்குறாங்க. அதுக்கப்புறம் நம்ம வீடுங்கள்ல என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஃபோன வச்ச கையோட "என்னடா செஞ்ச?" அதான் முதல் கேள்வி. அடிதடியா, வேப் புகைக்கிறியா, கெங் பசங்க கூட சுத்துறியா, பொம்பளப் புள்ளயா இருந்தா "எவன் கூட பேசுன"ன்னு விசாரணை ராத்திரி சோறு திங்குற வரைக்கும் போகும். உண்மையில அந்தப் பையன், ஃபாரம் ஃபோர்ல அக்கவுண்ட்ஸ் எடுக்குறதா சயன்ஸ் எடுக்குறதான்னு கேக்கத்தான் அந்த ரூமுக்குப் போயிருப்பான், அத சொல்லக்கூட வாய் தொறக்க விடமாட்டோம்.

பினாங்குல பட்டர்வொர்த், பிறை, பாயான் பாரு பக்கம் இருக்குற நம்ம ஆளுங்ககிட்ட இதப் பத்தி பேசிப் பாருங்க, பாதிப் பேருக்கு கவுன்சலிங்னா ஒரு விதமான தண்டனை. மீதிப் பேருக்கு அது பைத்தியத்துக்கு வைத்தியம். ரெண்டும் கெடையாது, ஆனா ஏன் இப்படி நெனக்கிறோம்னு பாத்தா காரணம் இருக்கு, சும்மா வந்துடல.

நாம படிச்ச காலத்துல, ஏன் இப்பவும் பல ஸ்கூல்ல, வரிசை இப்படித்தான் போகும்: போந்தேங் போட்டா, அதாவது ஸ்கூலுக்கு மட்டம் போட்டா, முதல்ல டிசிப்ளின் டீச்சர், அங்க திட்டு, அப்புறம் வார்னிங் லெட்டர், அப்பா அம்மாவ கூப்புடுறது, எல்லாம் முடிஞ்சு ஒண்ணும் வேலைக்காகலன்னா "சரி, போயி கவுன்சலிங் டீச்சர பாரு". கடைசியில அனுப்புற எடமா அத வச்சுட்டா, அந்தக் கதவு முன்னால நிக்கிற பையன பாத்து மத்த பசங்க என்ன நெனப்பாங்க? "என்னா, கேஸா?" அவ்ளோதான், அதுக்கப்புறம் உண்மையிலயே பேசணும்னு நெனக்கிற புள்ள அந்தக் காரிடார் பக்கமே போகாது.

கவுன்சலிங்குன்னு நாம இன்னிக்கு சொல்ற இந்த வேலை ஆரம்பிச்சதே பிரச்சினைப் பசங்களுக்காக இல்ல. 1908-ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ஃப்ராங்க் பார்சன்ஸ்னு ஒருத்தர், வேலை தேடி நகரத்துக்கு வந்த எளவட்டப் பசங்களுக்கு எந்த வேலை ஒத்து வரும்னு கண்டுபிடிக்க உதவி பண்றதுக்கு ஒரு ஆபீஸ் தொறந்தாரு. உன்னப் பத்தி நீ தெரிஞ்சுக்கோ, வேலைங்களப் பத்தி தெரிஞ்சுக்கோ, ரெண்டையும் பொருத்திப் பாருன்னு அவரோட வழி ரொம்ப சிம்பிள். மனசு, குடும்பம், துக்கம், கோபம் இதெல்லாம் அப்புறம் ஒண்ணொண்ணா வந்து சேந்துச்சு. மலேசியாவுல 1960கள்லயே ஸ்கூலுங்கள்ல 'பிம்பிங்கான்', அதாவது வழிகாட்டல், வந்துடுச்சு, ஆனா அப்போ பாடம் நடத்துற டீச்சரே அதயும் சேத்துப் பாத்துக்கிட்டாரு. 1996-லதான் இடைநிலைப்பள்ளிங்களுக்கு முழுநேர கவுன்சலிங் டீச்சர் வேணும்னு முடிவாச்சு, அதுவும் 500 மாணவருக்கு ஒருத்தர்னு கணக்கு.

ஐநூறு பேரு. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு மணி நேரம் குடுக்கணும்னாலே ஐநூறு மணி நேரம் ஆச்சு. அதுக்கு மேல ப்ரோக்ராம், ரிப்போர்ட், ஃபோட்டோ எடுத்து மேல அனுப்புறது, எந்த ஸ்கூலுக்குப் போனாலும் கவுன்சலிங் டீச்சர்தான் பேனர் கட்டிட்டு இருப்பாங்க, பாவம் லா. என்னைக் கேட்டா அவங்களுக்கு நாம குடுக்கக்கூடிய பெரிய உதவி அந்த பேனர் வேலைய வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லி பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல பேசுறதுதான்.

சரி, அந்த ரூமுக்குள்ள என்ன நடக்குது?

ஒரு கற்பனைப் பையன வச்சுக்கலாம். ஃபாரம் டூ, தமிழ்ப்பள்ளியில இருந்து வந்தவன், வாரத்துல ரெண்டு நாள் வர்றதில்ல. டிசிப்ளின் டீச்சர் கேட்டா "தலவலி"ங்கிறான். கவுன்சலிங் டீச்சர் ரூமுல உக்கார வச்சு முதல்ல சொல்றது, இங்க நீ பேசுறது இங்கதான் இருக்கும், ஆனா உன் உயிருக்கோ வேற யாரு உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் வெளிய சொல்லியாகணும், அத முதல்லயே சொல்லிடுறேன், சரியா? பையன் தலைய ஆட்டுறான், நம்பல.

"வர்றதுக்கு கஷ்டமா இருக்குற நாளு எது எதுன்னு சொல்ல முடியுமா தம்பி?"

"தெரியல டீச்சர்."

டீச்சர் அட்டெண்டன்ஸ் ஷீட்ட எடுத்து மேசமேல வைக்கிறாங்க. "எனக்கு பாக்க செவ்வாயும் வியாழனும் மாரி தெரியுது. உனக்கு எப்படித் தெரியுது?"

ரொம்ப நேரம் கழிச்சு, "அன்னைக்குத்தான் ஹிஸ்டரி" அப்படிங்கிறான்.

"ஹிஸ்டரியில என்ன நடக்கும்?"

"எழுந்து நின்னு வாசிக்கச் சொல்லுவாங்க."

அங்க நின்னுடுச்சு பாருங்க கதை. ஆறு வருஷம் தமிழ்ல கணக்கும் அறிவியலும் படிச்ச புள்ள, மலாய் பாடமா படிச்சிருக்கான், ஆனா முப்பத்தஞ்சு பேரு முன்னால எழுந்து நின்னு மலாய்ல சரளமா வாசிக்கணும்னா நாக்கு தடுக்குது, பின்னால யாரோ சிரிக்கிறாங்க, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில அவனுக்கு உண்மையிலயே தல வலிக்குது. பொய் சொல்லல. இத டிசிப்ளின் டீச்சர் கண்டுபிடிக்க முடியாதா? முடியும், ஆனா அவரு வேலை 'என்ன ரூல் ஒடஞ்சுச்சு'ன்னு பாக்குறது, அதுக்கே அவருக்கு நேரம் போதாது. கவுன்சலிங் டீச்சரோட வேலை அதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு பாக்குறது. ரெண்டும் ஸ்கூலுக்கு வேணும், ரெண்டையும் ஒரே ஆளு தலையில கட்டுனாத்தான் சிக்கல், ஏன்னா காலையில திட்டுன அதே ஆளுகிட்ட மத்தியானம் எந்தப் புள்ளயும் மனசு விட்டுப் பேசாது.

இதுல இன்னொண்ணு கவனிச்சீங்களா, டீச்சர் இது வரைக்கும் ஒரு புத்திமதி கூட சொல்லல. 'படிப்புதான்டா முக்கியம், உங்கப்பா எவ்ளோ கஷ்டப்படுறாரு தெரியுமா'ன்னு ஆரம்பிக்கல. நம்ம ஊருல பெரியவங்கன்னா அட்வைஸ் பண்ணியே ஆகணும், கல்யாண வீட்டுல கூட தட்ட கையில வச்சுக்கிட்டு அட்வைஸ் பண்ணுவோம், அதனால கவுன்சலரும் நல்லா அட்வைஸ் பண்ற ஆளுன்னு நெனச்சுக்கிறோம். கார்ல் ரோஜர்ஸ்னு ஒரு மனோதத்துவ நிபுணர், இந்தத் துறைய படிக்கிறவங்க யாரும் இவரைத் தாண்டிப் போக முடியாது, அவரு சொன்னது மூணு விஷயம்: எதிர்ல இருக்குறவன் இடத்துல இருந்து பாரு, அவன எடை போடாம ஏத்துக்கோ, நீ நடிக்காத. இது மூணும் இருந்தா அந்த ஆளு தன் பிரச்சினைக்கு தானே வழி தேட ஆரம்பிப்பான்னு அவரு நம்புனாரு. கேக்க சும்மா பேச்சு மாரி இருக்கும், செஞ்சு பாருங்க, சொந்தப் புள்ள 'ஸ்கூல் போக புடிக்கல'ன்னு சொல்லும்போது அஞ்சு நிமிஷம் குறுக்க பேசாம இருக்க முடியுதான்னு.

அப்புறம் அந்தப் பையன் விஷயம் எங்க போகும்? டீச்சர் அவனக் கேப்பாங்க, இதுல எத மாத்துனா உனக்கு கொஞ்சம் லேசா இருக்கும்னு. 'எனக்கு முன்னாலயே எந்தப் பக்கம்னு சொல்லிட்டா வீட்டுல படிச்சுட்டு வருவேன்'ன்னு அவனே சொல்லலாம். அவன் சம்மதத்தோட டீச்சர் போயி ஹிஸ்டரி டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை பேசுவாங்க. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வரச் சொல்லுவாங்க. அவ்ளோதான். பெரிய மேஜிக் ஒண்ணும் இல்ல, ஒரே தடவையில முடியுறதும் ரொம்ப கம்மி.

தமிழ்ப்பள்ளியில இருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போற அந்த ஒரு தாண்டல்தான் நம்ம புள்ளைங்க நெறைய பேரு தடுக்கி விழுற எடம்னு நான் நெனக்கிறேன், அதனாலதான் இந்த உதாரணத்தயே எடுத்தேன். சின்ன ஸ்கூல், டீச்சருக்கு எல்லா புள்ள பேரும் தெரியும், அப்பன் பேரும் தெரியும், அங்கிருந்து ஆயிரத்துக்கு மேல பசங்க இருக்குற எடத்துக்குப் போறான். மலாய்ல மார்க் பத்தலன்னா ஒரு வருஷம் ரிமூவ் கிளாஸ், மலாய்ல பெரலிஹான், தன் வயசுப் பசங்க ஃபாரம் ஒன்னுல இருக்க இவன் பெரலிஹான்ல உக்காரணும், அந்த ஒரு வருஷம் மொழி பிடிபட நல்ல வாய்ப்பாவும் இருக்கலாம், 'நான் மக்கு'ன்னு மனசுல பதியுற வருஷமாவும் ஆகலாம். எதுவா ஆகுதுங்கிறதுல கவுன்சலிங் டீச்சருக்கு பெரிய பங்கு இருக்கு. தமிழ்ப்பள்ளியிலயும் கவுன்சலிங் இருக்கு, ஆனா மாணவர் எண்ணிக்கை கம்மியா இருக்குற ஸ்கூலுங்கள்ல முழுநேர ஆளு கெடைக்காது, நாலாம் ஆண்டுக்கு கணக்கு எடுக்குற டீச்சரே இதயும் பாப்பாங்க. நம்ம நாட்டுல ஐநூத்துக்கும் மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அதுல நெறைய நூத்தம்பது புள்ளைக்கும் கீழதான், கணக்குப் போட்டுக்கோங்க.

மனசு விஷயம் தவிர அந்த ரூமுல நடக்குற வேற வேலைங்கள வேகமா சொல்லிடுறேன். ஃபாரம் ஃபோர்ல பாடம் தேர்ந்தெடுக்குறது, எஸ்.பி.எம். முடிச்சு மெட்ரிகுலேஷனா எஸ்.டி.பி.எம்.மா போலிடெக்னிக்கா, அரசாங்க யுனிவர்சிட்டிக்கு யு.பி.யு. ஃபாரம் எப்படி போடுறது, எந்த ஸ்காலர்ஷிப்புக்கு எப்போ கடைசி நாள். ஆர்வம் எதுலன்னு பாக்குற டெஸ்ட் ஒண்ணு பசங்க செய்வாங்க, ஜான் ஹாலண்ட்னு ஒருத்தர் மனுஷங்க ஆர்வத்த ஆறு வகையா பிரிச்சாரு, கையால செய்யுறது, ஆராயுறது, கலை, மத்தவங்களுக்கு உதவுறது, ஆளுங்கள நடத்துறது, ஒழுங்கா கணக்கு வழக்கு பாக்குறதுன்னு, அத அடிப்படையா வச்ச டெஸ்ட்தான். அந்த ரிசல்ட்ட வீட்டுக்கு கொண்டு வந்தா ஜாதகம் மாரி படிக்காதீங்க, அது பேச்சுக்கு ஒரு ஆரம்பம், அவ்ளோதான். அதோட, வசதி இல்லாத புள்ளைக்கு உதவித்தொகை, சாப்பாட்டுத் திட்டம், பொறப்புப் பத்திரம் ஐ.சி. பிரச்சினை இருந்தா எந்த ஆபீஸுக்குப் போகணும், இதெல்லாம் கூட பல நேரம் முதல்ல கண்ணுல படுறது கவுன்சலிங் டீச்சருக்குத்தான்.

இப்போ எல்லா அப்பா அம்மாவுக்கும் உள்ளுக்குள்ள இருக்குற கேள்வி: என் புள்ள என்ன பேசுச்சுன்னு எனக்குச் சொல்லுவாங்களா?

பெரும்பாலும் சொல்லமாட்டாங்க. கோபம் வரும், எனக்கும் புரியுது, பெத்தவ நான், எனக்குத் தெரியாம என்ன ரகசியம்னு. ஆனா சொல்லிடுவாங்கன்னு புள்ளைக்குத் தெரிஞ்சா அது பேசவே பேசாது, அப்புறம் உங்களுக்கும் தெரியாது டீச்சருக்கும் தெரியாது, டிக்டாக்குல எவனோ ஒருத்தனுக்கு மட்டும் தெரியும். பொதுவா என்ன மாரி போகுது, வீட்டுல நாம என்ன செய்யலாம்னு கேட்டா சொல்லுவாங்க, அதக் கேளுங்க.

ரகசியத்துக்கு எல்லை இருக்கு, இது முக்கியம். புள்ள தன்னைத்தானே காயப்படுத்திக்கிற நெனப்புல இருந்தா, வேற யாரையாச்சும் ஏதும் பண்ணிடுவேன்னு இருந்தா, யாராச்சும் புள்ளய அடிக்கிறாங்க, தப்பா தொடுறாங்கன்னு தெரிஞ்சா, அந்த ரகசியம் அதோட முடிஞ்சுடுது. நம்ம நாட்டுல 2001-ஆம் வருஷ சிறார் சட்டப்படி பதினெட்டு வயசுக்குக் கீழ எல்லாருமே சிறார்தான். 2017-ல வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி மேல: அந்த மாரி குற்றம் நடந்தது தெரிஞ்சும் சொல்லாம இருக்குறதே குற்றம், 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், டீச்சருக்கு மட்டும் இல்ல, யாரா இருந்தாலும். 'குடும்ப மானம் போயிடும், நாமளே பேசித் தீத்துக்கலாம் டீச்சர்'ன்னு மாமாவும் பெரியப்பாவும் ஸ்கூலுக்கு வந்து நிக்கிறது நம்ம ஆளுங்ககிட்ட உண்டு. அப்படி டீச்சர நெருக்கக் கூடாது, அவங்களால முடியவும் முடியாது.

தற்கொலை பத்தியும் நேராவே பேசிடலாம். சுகாதார அமைச்சு 2022-ல ஸ்கூல் பசங்ககிட்ட நடத்துன ஆய்வுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தருக்கு மனச்சோர்வு இருந்துச்சு. ஒரு கிளாஸ்ல எத்தன பேருன்னு பாத்துக்கோங்க. 'சாகணும் போல இருக்கா'ன்னு புள்ளகிட்ட கேட்டா நாமளே அந்த எண்ணத்த விதைச்ச மாரி ஆயிடுமோன்னு பயப்படுறோம், ஆகாது, நேரா, அமைதியா கேக்குறது புள்ளைக்கு பேச ஒரு வழியத் தொறந்து விடுது. இன்னொரு பயம் போலீஸ். முன்ன தற்கொலை முயற்சி குற்றமா இருந்துச்சு, தண்டனைச் சட்டத்துல 309-வது பிரிவு, அத 2023-ல எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனா கேஸ் ஆயிடும்னு இனிமே யாரும் வீட்டுக்குள்ள வச்சு மூடி மறைக்க வேண்டியதில்ல.

கவுன்சலர், சைக்காலஜிஸ்ட், சைக்காட்ரிஸ்ட், இந்த மூணும் நெறைய பேருக்கு ஒண்ணாத்தான் தெரியுது. சைக்காட்ரிஸ்ட் டாக்டர், எம்.பி.பி.எஸ். படிச்சுட்டு மனநலத்துல ஸ்பெஷலிஸ்ட் ஆனவரு, மருந்து எழுதுறது அவரு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் டாக்டர் இல்ல, மருந்து எழுதமாட்டாரு, ஆனா டெஸ்ட் எடுத்து என்ன பிரச்சினைன்னு கண்டறிஞ்சு தெரப்பி பண்ணுவாரு. கவுன்சலர் பேசி வழிநடத்துறவரு, வாழ்க்கையில வர்ற சிக்கல்தான் அவரு ஏரியா: படிப்பு, வேலை, கல்யாணம், துக்கம், குடி, கோபம். தன் எல்லைக்கு மேல போகுதுன்னா அவரே லெட்டர் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், நல்ல கவுன்சலர்னு ஒருத்தர எத வச்சு சொல்றதுன்னா நான் இத வச்சுத்தான் சொல்லுவேன், எப்போ தன்னால முடியாதுன்னு அவருக்குத் தெரியுதான்னு. அப்படி அனுப்புனா ஒண்ணும் பெரிய செலவு இல்ல, குடிமக்களுக்கு கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க கிளினிக்குல, 1 வெள்ளி, அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட 5 வெள்ளி.

ஆனா இங்கதான் தஞ்சோங் ரம்புத்தான் வந்து நிக்கும். 1911-ல ஈப்போ பக்கத்துல தொறந்த மனநல ஆஸ்பத்திரி, இப்போ பேரு ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா, ஆனா நம்ம வாயில அது இன்னும் திட்டுதான், "உன்னக் கொண்டு போயி தஞ்சோங் ரம்புத்தான்ல விடணும்"னு சின்னப் பிள்ளைய பாத்துக்கூட சிரிச்சுக்கிட்டே சொல்றோம். அப்படி சொல்லி வளத்த புள்ள பதினஞ்சு வயசுல 'மா, எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல, யாரையாச்சும் பாக்கணும்'னு எப்படி வந்து கேக்கும்?

ஸ்கூல விட்டு வெளிய வந்தா கவுன்சலர் இன்னும் பல எடத்துல இருக்காரு, நமக்குத்தான் தெரியறதில்ல. விவாகரத்துக்குப் போற இந்துக் குடும்பங்களுக்கு ஒண்ணு நல்லா தெரியும், 1976-ஆம் வருஷக் கல்யாணச் சட்டத்துல 106-வது பிரிவு, ஒரு பக்கம் மட்டும் கேஸ் போடுறதா இருந்தா கோர்ட்டுக்கு முன்னாடி ஜே.பி.என்.ல (தேசியப் பதிவு இலாகா) இருக்குற சமரசக் குழுவ பாத்தாகணும். அது ஒரு சடங்கு மாரி ஆகிப்போச்சுன்னு பல பேரு சொல்லுவாங்க, அங்க போயி சேரும்போது ரெண்டு பேரும் வக்கீல் வச்சு, நகைய பிரிச்சு, பேச்சு வார்த்தை நின்னு ரொம்ப நாளாயிருக்கும். அதே ஜோடி ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்ன எல்.பி.பி.கே.என்.ல போயி உக்காந்திருந்தா பேச்சு வேற மாரி போயிருக்கலாம். எல்.பி.பி.கே.என். குடும்ப வளர்ச்சி வாரியம், கவுன்சலிங் அவங்க சேவையில ஒண்ணு, எல்லா மாநிலத்துலயும் இருக்காங்க. போதைப் பழக்கத்துக்கு ஏ.ஏ.டி.கே. (தேசிய போதைத் தடுப்பு ஏஜென்சி) ஆபீஸ், தானா போயி உதவி கேக்கலாம். வீட்டுல அடி வாங்குற பொம்பளைங்களுக்கு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சியிலயே ஓ.எஸ்.சி.சி.ன்னு ஒரு பிரிவு, டாக்டர், போலீஸ் ரிப்போர்ட், சமூகநல உதவி எல்லாம் அங்கயே ஏற்பாடு பண்ணுவாங்க, ரூமுக்கு ரூம் அலைஞ்சு அதே கதைய அஞ்சு பேருகிட்ட சொல்ல வேண்டியதில்ல. பினாங்குல இருக்குறவங்களுக்கு டபிள்யு.சி.சி., பெண்கள் மாற்றத்துக்கான மையம், 1985-லேருந்து இருக்கு, கவுன்சலிங் இலவசம்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில காலை ஏழுலேருந்து ராத்திரி ஏழு வரைக்கும் ஷிப்ட் பாக்குற அம்மா ஒருத்தவங்கள நெனச்சுக்கோங்க, பாலம் தாண்டி பிறைக்கு வீடு வந்து சேர எட்டரை ஆயிடும், புருஷன் குடிக்கிறாரு, மூத்தவன் போந்தேங். இவங்க எந்த ஆபீஸ் நேரத்துல எங்க போயி நிப்பாங்க? ஸ்கூல் கவுன்சலிங் டீச்சர்தான் இந்த மாரி வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குற ஒரே அரசாங்க ஆளு. பையன் விஷயமா பேச அம்மா ஒரு தடவ வந்தா போதும், பேச்சு பையன்கிட்ட ஆரம்பிச்சு வீட்டுக்காரர்கிட்ட போயி முடியும். டீச்சர் அந்தக் கல்யாணத்த சரி பண்ண முடியாது, அது அவங்க வேலையும் இல்ல, ஆனா எந்தக் கதவத் தட்டணும்னு ஒரு துண்டுக் காகிதத்துல நம்பரோட எழுதிக் குடுக்க முடியும். சமுதாயத்துக்கும் கவுன்சலிங்குக்கும் நடுவுல இருக்குற பாலம்னு மேடையில பேசுறாங்களே, நேருல பாத்தா அது இந்தத் துண்டுக் காகிதம்தான்.

கோயில்லயும் இப்போ கவுன்சலிங்னு போர்டு பாக்கலாம், ஃபேஸ்புக்குல லைஃப் கோச், ஹீலர், மைண்ட் மாஸ்டர்னு வேற ஒரு படையே இருக்கு. இங்க கொஞ்சம் உஷாரா இருங்க. 1998-ஆம் வருஷ கவுன்சலர் சட்டம், ஆக்தா 580, பதிவு பண்ணாதவங்க தன்னை கவுன்சலர்னு சொல்லிக்கவே கூடாதுங்குது. பதிவு பண்ணவங்க பேருக்குப் பின்னால கே.பி., பி.ஏ.ன்னு ரெண்டு இருக்கும், முன்னது பதிவு பெற்ற கவுன்சலர், பின்னது தொழில் செய்யுற சான்றிதழ், அது புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். லெம்பாகா கவுன்சலர் மலேசியாவோட வெப்சைட்டுல பேர தேடிப் பாத்துடலாம், ரெண்டு நிமிஷ வேலை. பிரைவேட்டுல ஒரு செஷனுக்கு நூறு வெள்ளிக்கு மேல போறது சாதாரணம், அவ்ளோ குடுக்குறவங்க இந்த ரெண்டு நிமிஷத்த செலவு பண்ணுங்க. முதல் நாளே "பத்து செஷன் பேக்கேஜ், இன்னைக்கு கட்டுனா டிஸ்கவுண்ட்"னு பேசுறவங்கள நான் நம்பமாட்டேன், அது என் கருத்து.

பூசாரியோ பாஸ்டரோ பெரியவங்களோ பேசுறதுல தப்பில்லையான்னு கேட்டா, தப்பில்ல, பல பேருக்கு அதுதான் முதல் ஆறுதல். ஆனா அங்க போனா பரிகாரமோ புத்திமதியோ கெடைக்கும், ரகசியம் காக்கணும்னு சட்டம் அவங்கள கட்டாது, ஊரு சின்னது, ஞாயித்துக்கிழமை சொன்னது புதன்கிழமை மார்க்கெட்டுல கேக்கும்.

பிஃப்ரெண்டர்ஸ் பத்தியும் தனியா சொல்லணும், ஏன்னா அவங்க கவுன்சலர் கெடையாது, பயிற்சி எடுத்த வாலண்டியர்ஸ். 1970-லேருந்து கோலாலம்பூர் பக்கம் இருக்காங்க. ஃபோன்ல நீங்க பேசுறத கேப்பாங்க, பேரு சொல்லத் தேவையில்ல, என்ன செய்யணும்னு தீர்ப்பு சொல்லமாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு யாருகிட்டயும் பேச முடியாதப்போ அதுவே பெரிய விஷயம். கே.எல். நம்பர் 03-7627 2929, இருபத்திநாலு மணி நேரமும். பினாங்கு பிஃப்ரெண்டர்ஸ் 04-291 0100. சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555. அடி, கொடுமை, புள்ளைய விட்டுட்டுப் போயிட்டாங்க இந்த மாரி விஷயத்துக்கு தாலியான் காசே 15999, அதுவும் இருபத்திநாலு மணி நேரம், பக்கத்து வீட்டுக்காரங்க கூட கூப்புடலாம். தமிழ்ல பேசுறவங்க இருக்காங்களான்னு தயங்காம கேளுங்க, பிஃப்ரெண்டர்ஸ்ல தமிழ் பேசுற வாலண்டியர்ஸ் உண்டு, அந்த நேரத்துல இல்லன்னா எப்போ கூப்புடலாம்னு கேட்டு வச்சுக்கலாம்.

கடைசியா, ஸ்கூலுக்கு எப்படிக் கேக்குறதுன்னு தெரியாதவங்களுக்கு. ஆபீஸ் நம்பருக்கு கூப்புட்டு "சாயா நாக் ஜும்பா குரு கவுன்சலிங்"னு சொன்னா போதும், என்ன விஷயம்னு ஆபீஸ்ல கேட்டா "பெரிபாடி", சொந்த விஷயம்னு சொல்லிடுங்க, கிராணிகிட்ட முழுக்கதையும் சொல்லத் தேவையில்ல. போகும்போது புள்ள எப்போலேருந்து மாறுச்சு, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டுல சமீபத்துல என்ன நடந்துச்சு, இத மட்டும் ஃபோன்ல குறிச்சுட்டுப் போங்க. மலாய்ல பேச வரலன்னா தமிழ் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தர கூட வச்சுக்கலாமான்னு முன்னாடியே கேட்டுடுங்க, ஆனா சொந்தப் புள்ளயவே மொழிபெயர்க்க வைக்காதீங்க, அதப் பத்தி பேசத்தான போறீங்க. அப்புறம் முக்கியமா, அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் புள்ளகிட்ட "டீச்சர் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க"ன்னு சும்மா மிரட்டிப் பாக்காதீங்க, அடுத்த வாரம் அது அந்த ரூமுக்குப் போகாது.